ஊரில் இருப்பவர்களும் ஓட்டுப் போடுபவர்களும்

பேக்கர்ஸ்ஃபீல்ட்
ஜனவரி 2026

அன்புள்ள சேகருக்கு,

உன் கடிதம் பொங்கலுக்கு முந்தின நாள் கிடைத்தது. அப்பாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம். பெரியவள் ஃப்ரெஸ்னோவில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். ஒரு வாரமாகக் கடும் மூடுபனி. காலையில் எதிரே வரும் லாரி கிட்டே வந்த பிறகுதான் தெரிகிறது.

"உங்கள் பக்கம் நாலில் மூன்று பேர் லத்தீனோ என்கிறாய், அப்புறம் எப்படிக் குடியரசுக் கட்சிக்காரர் ஜெயிக்கிறார்?" என்று கேட்டிருந்தாய். மெக்சிகோ போன்ற லத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்து வந்த குடும்பத்தாரைத்தான் லத்தீனோ என்கிறோம். அவர்கள் வழக்கமாக ஜனநாயகக் கட்சிப் பக்கம் என்பதால்தான் உனக்கு இந்தச் சந்தேகம். நீ கேட்டது அமெரிக்க நாடாளுமன்றக் கீழ்ச்சபைக்கான கலிபோர்னியாவின் 22ஆவது தொகுதியைப் பற்றி. பேக்கர்ஸ்ஃபீல்டின் கிழக்குப் பகுதியில் தொடங்கி டெலனோ வழியாக வடக்கே போகும் தொகுதி அது. திராட்சை, பாதாம், பிஸ்தா, பால் பண்ணை, இவைதான் அங்கே பிழைப்பு. உறுப்பினர் டேவிட் வலடேயோவும் பால் பண்ணைக் குடும்பம்தான். பெற்றோர் போர்ச்சுகலின் அசோர்ஸ் தீவுகளிலிருந்து வந்தவர்கள்.

அவருடைய கணக்கைப் பார். 2018இல் 862 ஓட்டில் தோற்றார். தேர்தல் இரவில் அவர் ஜெயித்ததாகவே செய்தி வந்தது. தபால் ஓட்டுகளை எண்ண எண்ண நிலைமை மாறிப்போனது. 2020இல் சுமார் 1,500 ஓட்டில் திரும்பப் பிடித்தார். அடுத்த ஜனவரியில் டிரம்பைப் பதவி நீக்க ஓட்டுப் போட்ட பத்துக் குடியரசுக் கட்சியினரில் இவரும் ஒருவர். அந்தப் பத்துப் பேரில் 2022 தேர்தலுக்குப் பின் சபையில் மிஞ்சியது இரண்டே பேர். பக்கத்து 13ஆவது தொகுதியில் போட்டி இன்னும் நெருக்கம்: 2022இல் 564, 2024இல் 187 ஓட்டு வித்தியாசம்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். தொகுதியில் சுமார் 7,60,000 பேர் வாழ்கிறார்கள். 2022இல் விழுந்த ஓட்டு ஏறக்குறைய 1,03,000. விடையில் பெரும்பகுதி இதற்குள்ளேயே இருக்கிறது. லத்தீனோ குடும்பங்களில் சிறுபிள்ளைகள் அதிகம். பெரியவர்களில் பலருக்குக் குடியுரிமை இல்லை, சிலருக்கு எந்தக் காகிதமும் இல்லை. குடியுரிமை இருந்தும் ஓட்டுப் போடாதவர்கள் நிறைய. மக்கள்தொகைக் கணக்கில் வருகிறவர்கள் எல்லோரும் வாக்காளர் பட்டியலில் வருவதில்லை.

இந்த மாதம் திராட்சைக் கொடிகளுக்குக் கவாத்து நடக்கிறது. போன வாரம் டெலனோ பக்கம் போனபோது, முகத்தில் துணி சுற்றி, கையில் கத்திரியோடு வரிசையாக நின்ற பெண்களைப் பார்த்தேன். அவர்களில் எனக்குத் தெரிந்த ஓர் அம்மாவும் இருந்தார். முப்பது வருடமாகக் கொடி வெட்டுகிறவர், இன்றுவரை ஓட்டு இல்லை. இங்கேயே பிறந்த அவருடைய மகன் 2024இல் முதல் ஓட்டை டிரம்புக்குப் போட்டான். பெட்ரோல் விலை, வீட்டு வாடகை, இரண்டு மட்டும்தான் காரணம் சொன்னான். இப்போது குடியேற்ற அதிகாரிகளின் வண்டி என்று வதந்தி வந்தாலே அம்மாவுக்குப் போன் போட்டு வீட்டிலேயே இருக்கச் சொல்கிறான். அவனைத் துரோகி என்று பேசுபவர்கள் மேல் எனக்குக் கோபம்தான் வருகிறது. அவன் ஓட்டை உரிமையோடு எதிர்பார்த்த ஜனநாயகக் கட்சி, அக்டோபர் வரை அவன் தெருப்பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

தண்ணீர் இன்னொரு பக்கம். 2014 நிலத்தடி நீர்ச் சட்டத்தால் இஷ்டத்துக்கு உறிஞ்ச முடியாது, நிலங்கள் தரிசாகின்றன. நிலம் தரிசானால் முதலில் வேலை போவது கூலிக்காரருக்கு. அதனால் நீர் விஷயத்தில் பண்ணை முதலாளி சொல்வது தொழிலாளி காதிலும் நியாயமாகவே விழுகிறது. 1965இல் இதே டெலனோவில் ஃபிலிப்பினோ தொழிலாளிகள் லாரி இட்லியாங் தலைமையில் திராட்சைப் பண்ணை முதலாளிகளை எதிர்த்து வேலைநிறுத்தம் தொடங்க, சில நாளில் மெக்சிகோக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். அந்தப் பெருமை வேறு, இன்றைய வாடகை வேறு.

அதே சமயம், தொகுதியில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பேருக்கு மெடி-கேல் என்ற அரசு மருத்துவக் காப்பீடுதான் துணை. அதன் நிதியை வெட்டும் மசோதாவுக்கு வலடேயோ போன ஜூலையில் ஆதரவாக ஓட்டுப் போட்டார். அதை என்னால் ஏற்க முடியவில்லை. நவம்பரில் மாநிலமே வாக்கெடுப்பு நடத்தித் தொகுதி எல்லைகளை ஜனநாயகக் கட்சிக்குச் சாதகமாக மாற்றியது. வலடேயோவை எதிர்த்து நிற்க முன்வந்தவர்களில் ஜஸ்மீத் பெய்ன்ஸ் என்ற பஞ்சாபி மருத்துவரும் ராண்டி வியேகாஸ் என்ற பேராசிரியரும் இருக்கிறார்கள். கோடைக்குள் யார் என்று தெளிவாகிவிடும். ஆனால் தொகுதியின் எல்லைக்கோட்டை எங்கே போட்டாலும், அந்த அம்மாவுக்கு இந்த வருடமும் ஓட்டு இல்லை.

ஞாயிறு மதியங்களில் ஒரு தேவாலயக் கூடத்தில் குடியுரிமைத் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு உதவப் போகிறேன். பகலெல்லாம் குனிந்து வேலை செய்தவர்கள், சளைக்காமல் கேள்வி கேட்கிறார்கள். உங்கள் ஊர்ப் பஞ்சாயத்துத் தேர்தலில் நீ வீடு வீடாகப் போனவன். வயிற்றுப்பாட்டுக்கே நேரமில்லாதவர்களிடம் எப்படிப் பேச்சைத் தொடங்கினாய் என்று விவரமாக எழுது. எனக்கு அது இப்போது நிஜமாகவே தேவைப்படுகிறது.

அப்பாவுக்கு வணக்கம், குழந்தைகளுக்கு அன்பு.

உன்,
ரவி