புரோநவுனுக்கு ஓர் எடுத்துக்காட்டுகூட இல்லையே!

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாணவர் பக்கத்தில் வந்த ஆங்கில இலக்கணப் பாடத்தைப் படித்தேன். ‘நவுனையோ (பெயர்ச்சொல்) புரோநவுனையோ (ஹி, ஷி போன்ற பிரதிப்பெயர்) விவரிக்கும் சொல் அட்ஜெக்டிவ் (பெயரடை)’ என்று தொடங்கி, ‘எ டால் மேன்’, ‘எ ரெட் பஸ்’ என்று எடுத்துக்காட்டுகளை அடுக்கியிருந்தீர்கள். அத்தனையும் நவுனுக்கு உரியவை. பள்ளிக்கூடங்களிலும் இதே கதைதான். பிள்ளைகள் அந்த வரியை, ‘ஆர் எ புரோநவுன்’ உட்பட, மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். அந்தக் கடைசிப் பாதிக்கு ஒரு வாக்கியம் கேட்டால் விழிப்பார்கள்.

நவுனுக்கு முன்னால் நிற்பதுபோல் புரோநவுனுக்கு முன்னால் அட்ஜெக்டிவ் பொதுவாக நிற்காது. ‘டால் மேன்’ உண்டு, ‘டால் ஹி’ கிடையாது. ‘ஹி இஸ் டால்’ என்று வினைச்சொல்லைத் தாண்டித்தான் வரும். இஸ், வாஸ் மட்டுமல்ல, சீம், பிகம், லுக், ஃபீல் ஆகியவையும் இப்படி இணைத்துவைக்கும்.

இதை நம் பிள்ளைகளுக்கு அழுத்திச் சொல்ல வேண்டும். ஏனென்றால் தமிழில் ‘களைத்துப்போன நான் வீட்டுக்குப் போனேன்’, ‘நேற்று வந்த அவர்’ என்று தாராளமாக எழுதலாம். அந்தப் பழக்கத்தில் ‘டயர்ட் ஐ வென்ட் ஹோம்’ என்று எழுதிவிடுகிறார்கள். சிவப்பு மையில் ஒரு சுழி விழும், காரணம் யாரும் சொல்வதில்லை. ‘ஐ வாஸ் டயர்ட், ஸோ ஐ வென்ட் ஹோம்’ என்பதே இயல்பு. ‘டயர்ட்’ என்பதற்குப் பிறகு காற்புள்ளி போட்டும் எழுதலாம்தான். அது கதை எழுதுகிறவர்களின் நடை, எட்டாம் வகுப்புக்கு என்ன அவசரம்?

விலக்குகள் உண்டு. ‘புவர் மீ’, ‘லக்கி யூ’ என்பவை பேச்சில் வரும் வியப்பொலிகள். ‘சம்திங் நியூ’ என்பதில் அட்ஜெக்டிவ் பின்னால் போகிறது. ‘ஒன்’ மட்டும் நவுனைப்போலவே நடந்துகொள்ளும்: ‘தி ரெட் ஒன்’. இதை நாம் ‘சிவப்பானது’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவதால், பிள்ளைகள் ‘கிவ் மீ தி ரெட்’ என்று பாதியில் நிறுத்திவிடுகிறார்கள்.

நவுனுக்கும் எல்லா அட்ஜெக்டிவும் முன்னால் வந்துவிடாது. ‘எ ஸ்லீப்பிங் சைல்டு’ சரி, ‘அன் அஸ்லீப் சைல்டு’ தவறு. ‘அஸ்லீப்’, ‘அலைவ்’ இரண்டிலும் தொடக்கத்தில் உள்ள ‘அ’, ‘ஆன்’ (on) என்ற பழைய ப்ரெபொசிஷன் (முன்னிடைச்சொல்) தேய்ந்து மிஞ்சியது. ‘உறக்கத்தில்’ என்பதுபோன்ற ஒரு தொடராக இருந்தது என்பதால்தான் ‘தி சைல்டு இஸ் அஸ்லீப்’ என்று பின்னால் வருகிறது. ‘மெயின்’ இதற்கு நேர் எதிர்: ‘தி மெயின் ரோடு’ சொல்லலாம், ‘தி ரோடு இஸ் மெயின்’ சொல்ல முடியாது. ஒரு ஆறுதல், இந்தியில் ‘அச்சா, அச்சீ, அச்சே’ என்று மாறுவதுபோல் ஆங்கிலத்தில் ஆண், பெண், ஒருமை, பன்மைக்கு ஏற்ப அட்ஜெக்டிவ் மாறாது. நம் ‘நல்ல’ மாதிரிதான்.

அடுத்த பாடத்தில் புரோநவுன் வாக்கியங்களையும் சேருங்கள். பயிற்சியில் ‘அட்ஜெக்டிவை அடிக்கோடிடுக’ என்பதோடு நிறுத்தாமல், அது எந்தச் சொல்லைப் பற்றியது என்று அம்புக்குறி போடச் சொல்லுங்கள். ‘ஷி லுக்ஸ் ஹேப்பி’ என்ற வரியில் அம்பு ‘லுக்ஸ்’ பக்கம் போகிறதா, ‘ஷி’ பக்கம் போகிறதா என்று பார்த்தாலே யாருக்குப் புரிந்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை,
மன்னார்குடி