நாக்கு நுனியில் நின்ற சொல்

மதுரை

அன்புள்ள மாப்ளைக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் போடாததற்குச் சோம்பல் காரணமில்லை. கீழக்காட்டை விற்றுவிட்டேன். இரண்டு ஏக்கர் முப்பது சென்ட். சூரிய மின்சாரத் தகடு பதிக்கப் போகிறார்களாம். மழைக்காக வானத்தைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்த காட்டில் இனிமேல் வெயிலை அறுக்கப் போகிறார்கள். சரி, நல்லா இருக்கட்டும். பத்திரம் முடித்து வந்த அன்றைக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை. "இனிமேலாவது நிம்மதியா இருங்கப்பா" என்றான் பையன். எப்படி என்று மட்டும் சொல்லவில்லை.

தூக்கம் வராமல் அலமாரியைக் குடைந்தபோது நம்ம கரிசல்காட்டு எழுத்தாளர் கி. ராஜநாராயணன், அதான் கி.ரா., கையில் கிடைத்தார். பத்து நாளாக அவரோடுதான் பொழுது. கல்லூரி விடுதியில் நாம் இரண்டு பேரும் சிரிப்பதற்காகப் படித்தவை. இப்போது படித்தாலும் சிரிப்பு வருகிறது, ஆனால் வேறு இடங்களில் வருகிறது.

முதலில் 'நாற்காலி'யைச் சத்தமாகப் படித்து உன் தங்கச்சிக்குக் காட்டினேன். விருந்தாளியாக வந்த சப் ஜட்ஜ் முக்காலியில் உட்கார்ந்து உருண்டு விழுகிறார். அந்த அவமானத்தில் வீட்டுக்கு ஒரு நாற்காலி செய்ய முடிவாகி, எந்த மரத்தில் செய்வது என்று குடும்பமே கூடி விவாதம் நடத்துகிறது. அந்த இடத்தில் அவள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். நாம் வீட்டுக்கு வாசிங் மெஷின் வாங்க நாலு மாதம் பேசிய கதை ஞாபகம் வந்துவிட்டதாம். அப்புறம் ஊரில் சாவு விழுகிற வீட்டுக்கெல்லாம் பிணத்தைச் சாத்தி வைக்க அந்த நாற்காலியை இரவல் கேட்டு வர ஆரம்பித்ததும், வீட்டில் யாருக்கும் அதில் உட்காரத் துணிவில்லாமல் போகிறது. அங்கே அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு, "மாமா செத்தப்ப நம்ம வீட்டு நாற்காலியைத்தானே போட்டோம்?" என்றாள். ஆமாம். அது இப்போதும் மாடியில்தான் கிடக்கிறது. வருகிறவர்களுக்கு அதைப் போடுவதில்லை. ஏன் போடுவதில்லை என்று இத்தனை வருஷமாக நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை.

'கதவு' கதையைச் சத்தமாகப் படிக்க முடியவில்லை. பிள்ளைகள் ஏறி பஸ் விளையாட்டு விளையாடிய கதவைத் தீர்வை பாக்கிக்காகத் தலையாரி வந்து கழற்றிக்கொண்டு போகிறான். அப்பன் மணிமுத்தாற்றுக்கு வேலைக்குப் போனவன், அவனிடமிருந்து தகவலே இல்லை. வாடைக்காற்று நேரே வீட்டுக்குள் வருகிறது. கைக்குழந்தை போய்விடுகிறது. கடைசியில் சாவடிக்குப் பின்னால் கரையான் அரித்துக் கிடக்கும் கதவைப் பிள்ளைகள் கண்டுபிடித்துக் கட்டிக்கொள்கிறார்கள். அந்தக் காலத்தில் இதைப் படித்துவிட்டு நீ அரசாங்கத்தைத் திட்டினாய். நான் உன்னை ஆமோதித்தேன். இந்த முறை என் கண்ணில் பட்டது அந்தப் பிள்ளைகளின் முகம்தான். ஜப்தியான சாமானைப் பார்த்த மாதிரி இல்லை, காணாமல் போன கூட்டாளியைப் பார்த்த மாதிரி சந்தோஷப்படுகிறார்கள். காட்டை விற்றவனுக்கு அது புரிகிறது.

குடும்பத்தைப் பற்றி அவர் எழுதியதில் எனக்கு 'கன்னிமை' போதும். ஒரே பெண்ணைப் பற்றி முதலில் அண்ணன் பேசுகிறான், பிறகு புருஷன் பேசுகிறான். பிறந்த வீட்டில் அள்ளி அள்ளிக் கொடுத்தவள் வாழப்போன வீட்டில் கணக்குப் பார்க்கிறவளாகிவிடுகிறாள். யார் குற்றம் என்று கி.ரா. தீர்ப்புச் சொல்வதில்லை. என் அக்காவை நினைத்துக்கொண்டேன். உனக்கும் தெரியும், அதற்கு மேல் எழுத வேண்டாம்.

வரலாற்றுக்கு வருவோம். 1976-ல் வந்த அவருடைய 'கோபல்ல கிராமம்' நாவலை நீ தலையில் தூக்கி வைத்து ஆடுவாய். எனக்கும் மங்கத்தாயாரம்மாள் என்றால் உயிர்தான். நூற்று முப்பத்தேழு வயசுக் கிழவி, தெலுங்குச் சீமையிலிருந்து ஓடிவந்த கதையை நேற்று நடந்த மாதிரி சொல்கிறாள். ஆனால் மாப்ளே, இந்த முறை ஒரு நெருடல். காட்டை எரித்து நிலமாக்கிய பெருமை புத்தகம் முழுக்க இருக்கிறது. அந்த நிலத்தில் கூலிக்கு நின்றவர்கள் எல்லாம் ஓரத்தில்தான் நிற்கிறார்கள். வந்து குடியேறியவர்கள் தங்கள் வாயால் சொன்ன கதை அப்படித்தான் இருக்கும். கூலிக்காரர்கள் பக்கத்துக் கதைக்குப் பூமணியின் 'பிறகு' நாவலைத்தான் எடுக்க வேண்டும். 1991-ல் சாகித்திய அகாதமி விருது வாங்கிய 'கோபல்லபுரத்து மக்க'ளில் சுதந்திரப் போராட்டம் வரும் பகுதி எனக்குக் கொஞ்சம் செய்தித்தாள் மாதிரி இருக்கிறது. சண்டைக்கு வருவாய், வா.

வேலையைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதத்தையே எழுத உட்கார்ந்தேன். பேரன் போனில், மாடு பூட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கிற கமலையின் படம் ஒன்றைக் காட்டி இது என்ன என்று கேட்டான். உற்சாகமாகிவிட்டேன். ரெண்டு மாடு, வடக்கயிறு, வால்கயிறு, மாடு முன்னால் போகும்போது தண்ணீர் மொள்ளுகிற கூனை எப்படி மேலே வரும், அப்பா எப்படிக் கயிற்றின் மேலேயே ஏறி உட்காருவார், மாட்டைப் பின்னால் நடக்க வைக்க எப்படிக் குரல் கொடுப்பார், எல்லாம் சொன்னேன். மாடு இறங்கி ஏறுகிற அந்தச் சரிவு இருக்கிறதே, அதற்கு நம்ம ஊரில் ஒரு பேர் உண்டு. நாக்கு நுனிவரை வந்து நின்றுவிட்டது. "சரிவு" என்று சொல்லிச் சமாளித்தேன். அவனுக்கு அதுவே போதுமாக இருந்தது. எனக்குப் போதவில்லை.

கி.ரா. 1982-ல் கொண்டுவந்த கரிசல் வட்டாரச் சொல்லகராதியை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பள்ளிப் படிப்பையே முடிக்காத ஒரு சம்சாரி, ஆட்களைச் சேர்த்துக்கொண்டு சொல் சொல்லாகப் பொறுக்கிப் போட்ட புத்தகம். பிற்பாடு புதுச்சேரிப் பல்கலைக்கழகமே அவரைப் பேராசிரியராகக் கூப்பிட்டது. அதெல்லாம் சரி, அகராதியில் தேடுவதற்கு முதலில் சொல் தெரிந்திருக்க வேண்டுமே! மூன்று நாள் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டுகிறேன். தேடியது இன்னும் அகப்படவில்லை. போகிற வழியில் வேறு சொற்கள் மறிக்கின்றன. ஒவ்வொன்றும் அம்மாவின் குரலிலேயே கேட்கிறது. பையன் சொன்ன நிம்மதி இதுதானோ என்னவோ, காலையில் எழுந்ததும் உட்கார ஒரு வேலை இருக்கிறது.

இன்னொன்று. கி.ரா.வும் எழுத்தாளர் கு. அழகிரிசாமியும் இடைசெவலில் ஒரே தெருவுக் கூட்டாளிகள், ஏறக்குறைய ஒரே வயசு. ஒருத்தர் சென்னைக்கும் மலாயாவுக்கும் பத்திரிகை வேலைக்குப் போனார். மற்றவர் ஊரிலேயே வெள்ளாமை பார்த்தார். அழகிரிசாமி 1970-ல் போய்ச் சேர்ந்தார், அகாதமி விருது அதற்கப்புறம்தான் வந்தது. அவர் தனக்கு எழுதிய கடிதங்களைக் கி.ரா. பத்திரமாக வைத்திருந்து புத்தகமாகவே போட்டார். அதைப் படித்துவிட்டு நம்ம டிரங்குப் பெட்டியைக் கொட்டிக் கவிழ்த்தேன். நீ பிலாயிலிருந்து முப்பது வருஷமாக எழுதியதில் தேறியது மூன்று. ஒன்றில் பாதியைப் பூச்சி தின்றுவிட்டது. மிச்சப் பாதியில் நீ என்னிடம் இருநூறு ரூபாய் கடன் கேட்டிருக்கிறாய். கொடுத்தேனா?

தை மாதம் வருகிறாய்தானே. கோவில்பட்டியில் இறங்கு, நான் ஸ்டேஷனுக்கு வருகிறேன். அப்படியே இடைசெவல் போய் அந்தத் தெருவைப் பார்த்துவிட்டு வரலாம். கடலை மிட்டாய் என் செலவு.

அதற்கு முன்னால் ஒரு கார்டு போடு. உங்கள் தாத்தா கிணற்றில் கமலை கடைசிவரை ஓடியது, உனக்குத் தெரியாமல் இருக்காது. அந்தச் சரிவுக்கு என்ன பேர்?

உன்
மாப்ளே