16 பேரும் ஒரு தேக்சாவும்

அயனாவரம், சென்னை

அன்புள்ள தம்பிக்கு,

போனில் சொன்னால் நீ "ம், ம்" என்று கேட்டுக்கொண்டே லேப்டாப்பில் எதையோ தட்டிக்கொண்டிருப்பாய். அப்புறம் ராத்திரி 11 மணிக்கு "உப்பு எவ்வளவும்மா?" என்று மெசேஜ் வரும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் தங்கை போட்டோ எடுத்து அனுப்புவாள். முழுக்கப் படி. படித்துவிட்டு உன் பெண்டாட்டி கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடாதே. இது உனக்கு எழுதியது.

புனேயில் உன் புது வீட்டில் பால் காய்ச்ச நாங்கள் 16 பேர் வருகிறோம். வெள்ளிக்கிழமை காலைக்குச் சமையல்காரரிடம் சொல்லிவிட்டாய், சரி. வியாழன் இரவு வந்து இறங்குவோமே, அப்போதைக்கு? சனி, ஞாயிறு? "ஆர்டர் பண்ணிக்கலாம்மா" என்கிறாய். பண்ணலாம், காசு உன்னுடையது. ஆனால் ஒரு நாள் முழுக்க ரயிலில் உட்கார்ந்து வருகிற ஜனங்கள். அதில் உன் பெரியப்பாவுக்கும் வேலூர் சம்பந்திக்கும் சர்க்கரை, அத்தைக்குக் காரம் ஆகாது. வந்து கால் கழுவியதும் பிளாஸ்டிக் டப்பா டப்பாவாகப் பிரித்து "இது யாருக்கு, அது யாருக்கு" என்று தேடிக்கொண்டிருந்தால் லாட்ஜில் வந்து இறங்கிய மாதிரிதான் இருக்கும். கதவைத் திறந்ததும் பெருங்காய வாசனை வரட்டும்.

கூட்டத்துக்குச் சமைப்பதில் எனக்கு ஒரே ஒரு பிடிவாதம் உண்டு. சமைத்தவர் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட முடியாத எதுவும் கூட்டத்துக்கு ஆகாது. அதில் முதல் இடம் தோசைக்கு.

நம் பழைய வீட்டு ஞாயிற்றுக்கிழமைக் காலைகள் உனக்கு நினைவிருக்கும். உன் ஆயா, பெரியப்பா குடும்பம், சித்தப்பாக்கள், அத்தை பிள்ளைகள் எல்லோரும் கூடத்தில் வரிசையாக உட்கார்ந்திருப்பீர்கள். பெரியம்மா சட்னி அரைப்பார், நான் கல்லுக்கு முன்னால் நிற்பேன். ஒருவருக்கு முறுகலாக வேண்டும், ஒருவருக்கு மெத்தென்று வேண்டும், உன் சின்ன சித்தப்பாவுக்கு ஓரம் சிவந்தால் ஆகாது. ஒரு பந்தி எழுந்திருப்பதற்குள் அடுத்த பந்தி தட்டை நீட்டும். கடைசியில் மாவுப் பாத்திரத்தைத் தண்ணீர் விட்டு அலசி ஊற்றுவேன். ஓட்டை ஓட்டையாய், கல்லை விட்டு வராமல் பிய்ந்து பிய்ந்து ஒன்று வரும். அதுதான் எனக்கு. சட்னிக் கிண்ணத்தில் அதற்குள் கடுகும் கறிவேப்பிலையும்தான் மிச்சமிருக்கும். வெற்றிலை போட்டுக்கொண்டே உன் அப்பா, "நீ சாப்ட்டியா?" என்பார். அவரைக் குறை சொல்லவில்லை. அந்த வீட்டில் அதுதான் வழக்கம், எனக்கே அப்போது அது தப்பாகத் தெரியவில்லை. இப்போது தெரிகிறது. உன் பெண்டாட்டி உன் வீட்டு அடுப்படியில் அப்படி நிற்கக் கூடாது, அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அதனால் தோசை, பூரி, சப்பாத்தி, ஆம்லெட் என்று ஒவ்வொன்றாகச் சூடாகப் போட்டுத் தர வேண்டிய எதையும் தொடாதே. யாராவது கேட்டால், "அம்மா வேண்டாமென்று சொல்லிவிட்டாள்" என்று என் தலையில் போட்டுவிடு.

வியாழன் இரவுக்குச் சாம்பார் சாதம். 16 பேருக்கு 1 கிலோ அரிசி, 400 கிராம் துவரம்பருப்பு போதும், குழந்தைகளும் இருக்கிறார்களே. பச்சரிசி வேண்டாம், சீக்கிரம் களியாகிவிடும். நாம் தினமும் சாப்பிடுகிற புழுங்கலரிசியே போதும். காய் மொத்தமாக ஒன்றரைக் கிலோ: கேரட், பீன்ஸ், கத்திரிக்காய், முருங்கைக்காய், கொஞ்சம் பூசணி. வெண்டைக்காய் போடுவதாயிருந்தால் தனியாக வதக்கிப் போடு, இல்லாவிட்டால் வழவழவென்று ஆகிவிடும். முருங்கைக்காயைக் கடைசியில் போடு. முதலிலேயே போட்டால் பிளந்து நார் நாராகிவிடும், இருட்டில் சாப்பிடுகிற கிழவர்களுக்குத் தொண்டையில் குத்தும்.

உன்னிடம் இருப்பது 10 லிட்டர் குக்கர். அரிசி, பருப்பு வேக வைக்கும்போது பாதிக்கு மேல் ஏற்றாதே, பொங்கி வந்து வெயிட் அடைத்துக்கொள்ளும். அதனால் இரண்டு ஈடாக வை. ஒவ்வொரு ஈட்டுக்கும் அரைக் கிலோ அரிசி, 200 கிராம் பருப்பு, 3 லிட்டர் தண்ணீர், ஒரு சிட்டிகை மஞ்சள்தூள், ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய். எண்ணெய் விட்டால் நுரை கட்டாது. தண்ணீர் குடிக்கிற தண்ணீராகவே இருக்கட்டும். இங்கே போர் தண்ணீரில் வைத்தால் நாழியானாலும் பருப்பு கல்லாக நிற்கும், அதில் இருக்கிற சுண்ணாம்பும் மற்ற உப்பும் அப்படிச் செய்துவிடும். உங்கள் அப்பார்ட்மென்ட் தண்ணீர் எப்படியோ, எதற்கு வம்பு.

புளியைப் பருப்போடு சேர்க்காதே. புளிப்பு பட்டால் பருப்பும் காயும் அதற்குமேல் இளகாது. காய் முக்கால் வெந்த பிறகுதான் புளிக்கரைசல். எலுமிச்சை அளவு மூன்று உருண்டை, எடை போட்டால் 80 கிராம் வரும். நான் கொடுத்தனுப்புகிற குழம்புத்தூள் குவித்து 6 டேபிள்ஸ்பூன், கல்லுப்பு முதலில் 4 டேபிள்ஸ்பூன். குறைந்தால் அப்புறம் போட்டுக்கொள்ளலாம், கூடினால் எடுக்க முடியாது. நாலு பேருக்கு இவ்வளவு என்றால் 16 பேருக்கு அதை நாலால் பெருக்கு என்று நீ கணக்குப் போடுவாய், உன்னைத் தெரியாதா எனக்கு. உறைப்பையும் புளியையும் முக்கால் கணக்கில் ஆரம்பித்து, வாயில் விட்டுப் பார்த்துச் சேர். தண்ணீரும் அப்படித்தான், பெரிய பாத்திரத்தில் அவ்வளவு வேகமாகச் சுண்டாது.

குழைந்த சாதத்தை இந்தக் குழம்பில் கொட்டிக் கிளறி, அடியில் தோசைக்கல்லை வைத்து, அதன்மேல் பாத்திரத்தை ஏற்றிச் சிறு தீயில் 10 நிமிடம் விடு. தோசைக்கல்லுக்கு அந்த வீட்டில் அந்த மூன்று நாளும் இதுதான் வேலை. அப்படியும் அடிப்பிடித்துவிட்டால் கரண்டியை உள்ளே விட்டுச் சுரண்டாதே. மேலாக இருப்பதை வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட்டால் தீய்ந்த வாசனை ஏறாது. இன்னொன்று, ஒரு லிட்டர் குழம்பைத் தனியாக எடுத்து வை. சாம்பார் சாதம் நிற்க நிற்க இறுகும், சாதம் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கும். ரயில் இரண்டு மணி நேரம் லேட் என்றால் கரண்டி நட்டுக்கொண்டு நிற்கும். சூடான குழம்பை விட்டுக் கிளறினால் தளர்ந்துவிடும். நெய்யும் தாளிப்பும் நாங்கள் வந்த பிறகு. தொட்டுக்கொள்ள அப்பளமும் உருளைக்கிழங்கு காரக்கறியும். வேறு எதுவும் செய்யாதே.

2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர் பெரியப்பா வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து, வடிந்த பிறகு எல்லோரும் சேற்றுக் காலோடு இங்கேதானே வந்தார்கள். நீ அப்போது ஹாஸ்டலில் இருந்தாய். கரண்ட் இல்லை, மிக்ஸி இல்லை, பால் பாக்கெட் எங்கேயும் கிடைக்கவில்லை, காய் என்று பார்த்தால் வாழைக்காயும் உருளைக்கிழங்கும்தான் வீட்டில் இருந்தது. அன்றைக்கும் இதே சாம்பார் சாதம்தான். தேங்காய் அரைக்க வேண்டாம், பொடி இருந்தால் போதும், ஒரே அடுப்பு போதும். உன் பெரியப்பா மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு அப்படியே சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டார். வீடு போனதைப் பற்றி அடுத்த நாள்தான் பேசவே ஆரம்பித்தார்.

சனிக்கிழமை காலை இட்லி. குக்கரில் ஏற்றிவிட்டு நீயும் வந்து உட்காரலாம், பத்துப் பன்னிரண்டு நிமிடத்துக்கு அது உன்னைக் கூப்பிடாது. 1 கிலோ இட்லி அரிசி, கால் கிலோ உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். அறுபது எழுபது இட்லி வரும். இங்கே ராத்திரி அரைத்து வைத்தால் காலையில் பொங்கி வழிந்து மேடையைக் கழுவ வேண்டியிருக்கும். புனேயில் தை மாதக் குளிருக்கு மாவு அசையாது. வியாழக்கிழமையே அரைத்துவிடு, உப்பைக் கையால் கலக்கி வை, ஓவன் இருக்கிறதே, அதைச் சூடாக்காமல் விளக்கை மட்டும் போட்டு உள்ளே வை. புளித்ததும் ஃபிரிட்ஜுக்கு மாற்றிவிடு. தொட்டுக்கொள்ள வடகறி செய்யலாமா என்று உன் தங்கை கேட்கிறாள். சைதாப்பேட்டை வடகறி கேட்டால் சைதாப்பேட்டைக்குத்தான் போகணும் என்று சொல்லிவிட்டேன். சாம்பாரும் சட்னியும் போதும். அன்றைக்கு மத்தியானம் ஊர் சுற்றப் போகிறோம், வெளியே சாப்பிட்டுக்கொள்கிறோம். அத்தை சனிக்கிழமை கறி தொடமாட்டாள், அதற்குத் தகுந்த கடையாகப் பார்.

ஞாயிற்றுக்கிழமை மட்டன் குழம்பு. இதில் பேச்சே இல்லை. 3 கிலோ எலும்போடு வாங்கு. நெஞ்சுக்கறியும் தொடையும் கலந்து கேள், கொழுப்பு கொஞ்சம் இருக்கட்டும். மொழி தெரியாவிட்டால் கையைக் காட்டி வாங்கு, கறிக்கடைக்காரர்களுக்கு அது புரியும். சின்ன வெங்காயம் அங்கே கிடைக்காவிட்டால் பெரிய வெங்காயமே ஒரு கிலோ நறுக்கு. நறுக்குவதற்கு உன் சித்தப்பாக்களை உட்கார வை, சும்மாதானே டிவி பார்த்துக்கொண்டிருப்பார்கள். பட்டை, சோம்பு தாளித்து, வெங்காயம் நன்றாகச் சிவந்த பிறகுதான் இஞ்சி பூண்டு விழுது. பச்சை வாசனை போனதும் கறி, மஞ்சள்தூள், உப்பு. தண்ணீர் விடாமல் பத்து நிமிடம் வதக்கு, கறியே தண்ணீர் விடும். அப்புறம் தக்காளி, குழம்புத்தூள், முங்குகிற அளவுக்குத் தண்ணீர். எத்தனை விசில் என்று கேட்காதே, அது ஆட்டின் வயசைப் பொறுத்தது. ஐந்தில் திறந்து ஒரு துண்டை அழுத்திப் பார். கறி வெந்த பிறகு உருளைக்கிழங்கை நாலாக வெட்டிப் போடு. தட்டில் கறி குறைவாகத் தெரியாது, குழந்தைகளும் கறியை விட்டு அதைத்தான் தேடுவார்கள். தேங்காயும் கசகசாவும் அரைத்து ஊற்றுவது கடைசியில்தான், ஊற்றிய பிறகு ஒரு கொதிதான். தேங்காய் ஊற்றியது சீக்கிரம் ஊசிப்போகும், அதனால் அன்றைக்கே தீர்ந்துவிட வேண்டும். தீர்ந்துவிடும், கவலைப்படாதே.

ராத்திரி ரயிலுக்குக் கொஞ்சம் புளிசாதம், கொஞ்சம் தயிர்சாதம். புளிசாதம் நல்லெண்ணெயில் செய்தால் மறுநாள் மத்தியானம்வரை தாங்கும். தயிர்சாதத்துக்குச் சாதத்தைக் குழைய வடித்து ஆறவிட்டு, பாலை ஊற்றி, தயிர் ஒரே ஒரு கரண்டி. பெட்டியில் போகப்போக அதுவே உறைந்து சாப்பிடுகிற நேரத்துக்குச் சரியாக இருக்கும். முதலிலேயே தயிராகக் கொட்டினால் பாதி வழியில் புளித்துவிடும்.

மிச்சம் மீதி எதுவானாலும் சூடான பாத்திரத்தோடு மேடையில் விட்டுவிட்டுத் தூங்கப் போகாதே. பெரிய பாத்திரத்தில் இருப்பது நடுவில் ஆறவே ஆறாது, விடிவதற்குள் கெட்டுவிடும். அகலமான தட்டுகளில் பரப்பி ஆறவைத்து உள்ளே வை. வெறும் சோறு மிஞ்சினால் தண்ணீர் ஊற்றிவிடு, காலையில் நானும் உன் அப்பாவும் பழைய சோறாகச் சாப்பிட்டுக்கொள்கிறோம்.

இதற்கெல்லாம் உன்னிடம் பாத்திரம் இல்லை என்று தெரியும். வாடகைக்கு எடுக்காதே. ஆயாவின் பித்தளைத் தேக்சாவைக் கொடுத்தனுப்புகிறேன், அதுதான், ஓரத்தில் அவர்கள் பெயர் வெட்டியிருக்குமே. உள்ளே ஈயம் தேய்ந்து மஞ்சளாகத் தெரிய ஆரம்பித்திருந்தது, அதில் புளி ஊற்றினால் களிம்பு ஏறிவிடும். முன்பெல்லாம் "ஈயம் பூசலையா" என்று தெருவிலேயே கூவிக்கொண்டு வருவார்கள். இப்போது ஆளைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ஒருவழியாகப் பூசி வாங்கியாகிவிட்டது, உள்ளே பார்த்தால் முகம் தெரிகிறது. வியாழக்கிழமைச் சமையலுக்கு அது கையில் வேண்டுமே என்பதால் உன் அப்பா இரண்டு நாள் முன்னாலேயே தனியாக எடுத்துக்கொண்டு கிளம்புகிறார். குழம்புத்தூள், வடகம், அப்பளம் எல்லாவற்றையும் அதற்குள்ளேயே அடைத்து, மேலே ஒரு பழைய வேட்டியைச் சுற்றிக் கட்டப்போகிறேன். பெர்த்துக்கு அடியில் நுழையாது என்று நான் சொல்கிறேன். ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையில் ஆயுசு முழுக்கப் பெட்டி செய்தவரிடம் பெர்த் உயரத்தைப் பற்றிப் பேசாதே என்கிறார். நுழையாவிட்டால் மடியில் வைத்துக்கொண்டுதான் வருவார். நீ ஸ்டேஷனுக்குப் பெரிய வண்டியாகப் பிடித்து வா.

அன்புடன்,
அம்மா

பி.கு: பெருங்காயம் மட்டும் அங்கேயே வாங்கி வை. கட்டிப் பெருங்காயம், தூள் வேண்டாம். வாங்கும்போது முகர்ந்து பார்த்து வாங்கு.