ஆளரவமில்லாத மலைப்பாதைக்குக் கிளம்பும் முன்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். மலையேற்றச் சாமான்கள் வாங்கவும் வாடகைக்கு எடுக்கவும் வருகிற பலர் இப்போதெல்லாம் ஒரே மாதிரி கேட்கிறார்கள்: “கூட்டம் இருக்கக் கூடாது, ரொம்ப உயரமும் வேண்டாம்.” வண்டிச்சாலை முடிந்து ஒற்றையடிப் பாதை தொடங்குகிற இடம் 1200, 1500 மீட்டர் உயரத்தில் இருந்தால் இதற்குத் தோதுதான். உயரத்தால் வரும் மலைநோய் பெரும்பாலும் 2500 மீட்டருக்கு மேல்தான் தலைகாட்டும். ஆனால் அந்தத் தைரியத்திலேயே பலர் எதையும் யோசிக்காமல் கிளம்பிவிடுகிறார்கள். கடைக்கு வருபவர்களிடம் வாயால் சொல்வதை எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறோம்.

எல்லோரும் முதலில் ஷூவைப் பற்றிக் கேட்கிறார்கள். நாங்கள் முதலில் நேரத்தைக் கேட்போம். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நைஸ்மித் 1892இல் சொன்ன கணக்கு இன்றும் கைகொடுக்கிறது: நடக்கும் தூரம் 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஏறும் உயரம் 600 மீட்டருக்குக் கூடுதலாக இன்னொரு மணி நேரம். போக 6, வர 6 கிலோமீட்டர், ஏற்றம் 900 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏற 2 மணி 42 நிமிடம், இறங்க 1 மணி 12 நிமிடம் என்று வரும். இது நல்ல உடல்வாகு உள்ளவர் நிற்காமல் நடக்கும் கணக்கு. குழந்தைகள் இருந்தால், பழக்கமில்லாதவர்கள் வந்தால், பாதியளவு நேரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். ஏற நாலு மணி, இறங்க இரண்டு மணி என்று ஆகிவிடும். காலை 7 மணிக்குத் தொடங்கினால் 11 மணிக்கு மேலே போய்ச் சேரலாம். “12 மணி ஆனால் எங்கே இருந்தாலும் திரும்பிவிடுவோம்” என்று கீழேயே பேசி முடிவு செய்துவிடுங்கள். மேலே போய்ப் பேசினால், சிகரம் கண்ணுக்குத் தெரியும்போது யாரும் திரும்பச் சம்மதிக்க மாட்டார்கள். வெயில் காலத்தில் இடிமழை திரள்வதும் பெரும்பாலும் பிற்பகலில்தான்.

வரைபடத்தில் சமஉயரக் கோடுகள் (ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடுகள்) நெருக்கமாக இருக்கும் இடத்தை விரலால் தொட்டுப் பாருங்கள். அங்கேதான் நேரம் கரையும். பயணத்தின் கடைசியில் அப்படி ஓர் ஏற்றம் இருந்தால் இன்னும் அரை மணி சேர்ப்பது நல்லது.

அடுத்தது குளிர். நடுத்தர உயரம் ஆட்களை ஏமாற்றும் விதம் தனி. தெளிந்த இரவில் குளிர்ந்த காற்று கனத்துப்போய்ப் பள்ளத்தாக்கில் தேங்கும். நடுச்சரிவோ அதைவிடக் கதகதப்பாக இருக்கும். அதிகாலையில் வண்டியை விட்டு இறங்கியதும் “அட, இங்கே குளிரே இல்லையே” என்று ஜாக்கெட்டை வண்டியிலேயே போட்டுவிட்டுப் போகத் தோன்றும். பொதுவாக 1000 மீட்டர் ஏறினால் ஆறு, ஏழு டிகிரி குறையும். மேட்டில் காற்று வேறு வீசும். ஏறும்போது வியர்த்து நனைந்த பருத்திச் சட்டை அங்கே உடம்போடு ஒட்டிக்கொண்டு சூட்டை உறிஞ்சிவிடும். சீக்கிரம் காயும் செயற்கை இழைச் சட்டை, மேலே ஒரு ஃப்ளீஸ் (கதகதப்பான, மெத்தென்ற செயற்கை இழை மேல்சட்டை), காற்றும் மழையும் புகாத மேலங்கி. இந்த மூன்றும் எந்தப் பருவத்திலும் பையில் இருக்கட்டும்.

சரி, இப்போது ஷூ. ஒரே நாளில் போய்வரும் பாதைக்குக் கனமான பூட்ஸ் தேவையில்லை; பிடிமானம் தேயாத, கால் பழகிய ஷூ போதும். புத்தம்புதிதாக வாங்கி மறுநாளே மலைக்குப் போட்டுக்கொண்டு போகாதீர்கள். இறங்கும்போது கால்விரல்கள் முன்னால் முட்டினால் அளவு சின்னது என்று அர்த்தம். கடையில் சாய்பலகை வைத்திருக்கிறோம், அதில் இறங்கிப் பார்த்து எடுங்கள்.

ஆள் நடமாட்டம் இல்லாத இடம் என்றால், வழி கேட்கவும் ஆள் இல்லை என்று பொருள். விழுந்த மரத்தை வெட்டி அகற்ற நாளாகும், வழிக்குறிகள் அழிந்திருக்கலாம், குடிநீர்க் குழாயும் இருக்காது. மணிக்கு அரை லிட்டர் என்று கணக்கிட்டுத் தண்ணீரைச் சுமந்து செல்லுங்கள். அந்த இடத்தைப் பார்த்துக்கொள்ளும் அலுவலகத்தில் அனுமதி, பாதையின் நிலை, வண்டி நிறுத்தும் வசதி மூன்றையும் முதல் நாளே விசாரித்துவிடுங்கள். எந்தப் பாதை, எத்தனை பேர், எத்தனை மணிக்குள் தகவல் வராவிட்டால் யாரை அழைப்பது என்று வீட்டில் ஒரு சீட்டு எழுதிக் கொடுங்கள். அப்புறம், இறங்கியதும் மறக்காமல் அவர்களுக்குச் சொல்லிவிடுங்கள்.

சிக்னல் தேடித் தேடியே போனின் பேட்டரி தீர்ந்துவிடும். வரைபடத்தை முன்கூட்டியே இறக்கிவைத்து, ஃபிளைட் மோடில் போடுங்கள். ஜிபிஎஸ் அப்போதும் வேலை செய்யும். டார்ச்சுக்கு போனை நம்பாமல், தலையில் மாட்டும் விளக்கு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு விசிலும் வேண்டும். ஆபத்தென்றால் நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் விட்டு மறுபடியும் ஊத வேண்டும். பதிலாக மூன்று முறை விசில் கேட்டால் யாரோ கேட்டுவிட்டார்கள் என்று அர்த்தம்; அவர்கள் வந்து சேரும் வரை இடத்தை விட்டு நகராதீர்கள்.

வாடகைக்கு எடுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மேலங்கியை ஈரத்தோடு சுருட்டி அனுப்பாதீர்கள், ஒரு நாள் நிழலில் காயவைத்துக் கொடுங்கள். கைத்தடிகளின் முனை ரப்பர் மேலே எங்காவது கழன்று விழுந்திருந்தால் சொல்லிவிடுங்கள், அடுத்தவருக்குக் கொடுக்கும் முன் மாற்றிவிடுவோம்.

அன்புடன்,
கடை ஊழியர்கள்