ஊசி ஒரு நொடி நின்றது

அன்பு மகள் பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே சூலூரில் எல்லாரும் நலம். பெங்களூரு டெஸ்ட் பைலட் பள்ளியில் சோதனைப் பொறியாளர் படிப்புக்குத் தேர்வாகிவிட்டேன் என்று நீ போனில் சொன்னபோது எனக்குப் பேச்சே வரவில்லை. போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் நின்றுகொண்டேன். அன்று சொல்ல நினைத்ததை இப்போது எழுதுகிறேன்.

உன் ஸ்கூல் பஸ் போகுமே, சுரஞ்சன் தாஸ் ரோடு, அது யார் பெயர் என்று ஒருநாள் கேட்டாய். "ஒரு பைலட்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஷிஃப்டுக்கு ஓடிவிட்டேன். முழுசாகச் சொல்லியிருக்க வேண்டும். நம் நாட்டில் வடிவமைத்துக் கட்டிய முதல் ஜெட் போர் விமானம் மாருத். 1961 ஜூன் 17 அன்று அதை முதன்முதலாக மேலே கொண்டுபோனவர் அவர்தான்.

அதற்கு முன்னால் நடந்ததுதான் எனக்கு ரொம்பப் பிடிக்கும். என்ஜின் இல்லாமல், அதே அளவில், மரத்தில் ஒரு மாருத் செய்தார்கள். டகோட்டா விமானத்தின் பின்னால் கட்டி மேலே இழுத்துப்போய் அவிழ்த்துவிடுவார்கள். விமானி அதைச் சறுக்கவிட்டே தரைக்குக் கொண்டுவருவார். 1959 தொடங்கி ஒரு வருஷத்துக்குள் இப்படி 78 முறை! நிஜ விமானம் தயாராவதற்கு முன்பே அதன் குணம் கையில் பிடிபட வேண்டும் என்று அத்தனை பொறுமை. 1970 ஜனவரி 10 அன்று, மாருத்தின் மாற்றியமைத்த வடிவம் ஒன்றைச் சோதிக்கக் கிளம்பியபோது விமானம் விழுந்து சுரஞ்சன் தாஸ் இறந்துபோனார்.

டெஸ்ட் பைலட் என்றதும் எல்லாரும் துணிச்சலைப் பற்றித்தான் பேசுகிறார்கள். முப்பது வருஷம் ஹேங்கரில் இன்ஸ்ட்ருமென்ட் மெக்கானிக்காக இருந்த நான் பார்த்தவர்கள் எந்நேரமும் எழுதிக்கொண்டே இருந்தார்கள். ஒருமுறை ஒருவர் இறங்கி வந்தார். ஹெல்மெட் அழுத்திய தடம் நெற்றியில் சிவந்து கிடந்தது. டூல் பாக்ஸ் மேல் உட்கார்ந்து, தொடையில் கட்டியிருந்த அட்டையைப் பார்த்து ஸ்னாக், அதாவது பறக்கும்போது கண்ட கோளாறு, எழுதினார்: இறங்கத் தொடங்கும்போது வேகம் காட்டும் ஏர்ஸ்பீட் ஊசி ஒரு நொடி நின்று, அப்புறம் நகர்ந்தது. நான் தரையில் சோதிக்கும் கருவியான டெஸ்ட் செட் போட்டுப் பார்த்தேன். ஊசி வெண்ணெய் மாதிரி ஓடியது. "தரையில் சோதித்தேன், சரி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

மறுநாள் அதே ஸ்னாக். இந்த முறை வேகம், உயரம், மூக்கு எவ்வளவு சாய்ந்திருந்தது, எல்லாம் இருந்தது. ஒரு நொடிக்காக விமானத்தை நிறுத்துவதா என்று சிலர் முணுமுணுத்தார்கள். அவர் என்னைத் திட்டவில்லை. "மூக்கு தாழும்போதுதான் வருதுங்க, தரையில் தெரியாது" என்றார். இரவு உட்கார்ந்து, எதிர்க்காற்றின் அழுத்தத்தை அந்த ஊசிக்குக் கொண்டுவரும் பிட்டாட் குழாயை முழுவதும் கழற்றினேன். ஒரு வளைவில் புளியங்கொட்டை அளவு தண்ணீர் தேங்கியிருந்தது. மூக்கு தாழ்ந்தால் அது நகர்ந்து குழாயை அடைத்துக்கொள்கிறது. என் கையெழுத்தைப் பார்க்க எனக்கே கூசியது.

உன் வேலை பெரும்பாலும், பறக்கும் விமானம் அனுப்பும் அளவுகளைத் தரையில் திரையில் பார்க்கும் டெலிமெட்ரி அறையில் இருக்கும். ஃபிளட்டர் பற்றி நீ என்னைவிட நன்றாகப் படித்திருப்பாய். இறக்கையில் எழும் நடுக்கம் அடங்காமல் தானே வளர ஆரம்பித்தால், சில நொடிகளில் இறக்கையே போய்விடும். அதனால்தான் வேகத்தைப் படிப்படியாகக் கூட்டி, ஒவ்வொரு படியிலும் இறக்கையை வேண்டுமென்றே கொஞ்சம் அதிரவிட்டு, அந்த அதிர்வைக் காட்டும் கோடு எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்று திரையில் பார்க்கிறார்கள். 2001 ஜனவரி 4 அன்று விமானி ராஜீவ் கோத்தியால் நம் தேஜஸ் போர் விமானத்தை முதன்முதலாகப் பறக்கவிட்டது 18 நிமிடம்தான். மீதியெல்லாம் பல வருஷம் இப்படிப் படிப்படியாக ஏறியதுதான். அடுத்த படிக்குப் போகலாமா என்று மேலே விமானி காத்திருப்பார். உன் திரையில் கோடு முன்னைவிட மெதுவாக அடங்கினால் நிறுத்தச் சொல். உன்னால் காரணம் சொல்ல முடியாவிட்டாலும் நிறுத்தச் சொல். எரிபொருள் வீண், நாள் வீண் என்று யாராவது கோபப்பட்டால் படட்டும்.

இன்னொன்றும் உண்டு. அம்மாவிடம் நான் இதைப் பேசியதில்லை. 2009 மார்ச் 6 அன்று பெங்களூருக்குப் பக்கத்தில் பிடதி அருகே, நம் நாட்டில் வடிவமைத்த சிறிய பயணிகள் விமானமான சரஸ் சோதனையின்போது விழுந்தது. ஓடும் என்ஜினை வானத்திலேயே நிறுத்தி மறுபடி கிளப்பிப் பார்க்கும் சோதனை. இரண்டு விமானிகளோடு ஒரு சோதனைப் பொறியாளரும் போய்விட்டார். நீ உட்காரப்போகும் இருக்கை அது. எனக்குப் பயம் இருக்கிறது பாப்பா, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனாலும் போகாதே என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அம்மா பருப்புப்பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் பார்சல் கட்டி வைத்திருக்கிறாள். ஹாஸ்டல் முகவரி சரியாக அனுப்பு. போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு, எந்நேரமானாலும் சரி.

அன்புடன்,
அப்பா