டி.சி. கொடுப்பதற்கு முன்

அன்புள்ள வகுப்பாசிரியருக்கு,

உங்கள் ஒன்பதாம் வகுப்பு மாணவன் பையில் கூல் லிப் டப்பா சிக்கியது, டி.சி. கொடுத்து அனுப்பிவிடலாம் என்று பேச்சு நடக்கிறது என எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து தடுத்து நிறுத்துங்கள். பள்ளியோடு ஒட்டுதல் இருக்கும் பிள்ளைகள் போதைப் பழக்கத்துக்குள் போவது குறைவு. அந்த ஒட்டுதலை அறுத்துவிட்டால், அந்த டப்பாவை அவனுக்கு யார் கொடுத்தார்களோ அவர்களோடுதான் நாள் முழுக்க இருப்பான்.

கூல் லிப் என்பது சின்னப் பொட்டலமாகக் கட்டிய புகையிலைத் தூள். உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கிக்கொண்டால் போதும். புகை வராது, துப்பவும் வேண்டாம், புதினா வாசனைதான் அடிக்கும். முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாலும் கண்டுபிடிப்பது கஷ்டம். தமிழ்நாட்டில் குட்காவுக்கும் புகையிலை கலந்த மெல்லும் பொருள்களுக்கும் 2013இல் தடை வந்தது. இன்றும் ஒளித்து விற்கிறார்கள். வழக்கமாக வைப்பவனுக்கு அந்த இடத்தில் உதட்டின் உள்பக்கம் வெளுத்துச் சுருங்கியிருக்கும். பாக்கு கலந்ததைப் போடுபவனுக்குக் காரம் பட்டால் வாய் எரியும், வாயும் சரியாகத் திறக்காது. அவனுடைய மூன்று விரல்களைச் சேர்த்து நெட்டுவாக்கில் வாய்க்குள் வைக்க முடியாவிட்டால், பல் மருத்துவரிடம் அனுப்புங்கள்.

'அவன் சேர்க்கை சரியில்லை' என்பதோடு பெரும்பாலும் விசாரணை முடிந்துவிடுகிறது. அந்தச் சேர்க்கைக்கு அவன் எப்படிப் போய்ச் சேர்ந்தான் என்று பாருங்கள். எட்டாம் வகுப்பு வரை ஊர் நடுநிலைப் பள்ளியில் எல்லாருக்கும் தெரிந்த பிள்ளையாக இருந்தவன், ஒன்பதாவதுக்குப் பெரிய பள்ளிக்கு வருகிறான். பழைய நண்பர்கள் வேறு செக்‌ஷன், பஸ்ஸில் பெரிய வகுப்புப் பையன்கள். தமிழே எழுத்துக்கூட்டிப் படிக்கிறவன் என்றால் வகுப்பில் அவனுக்குக் கிடைப்பது அவமானம் மட்டும்தான். பெயிலாகும் பையனை மதிக்கும் ஒரே கூட்டம் கழிவறைக்குப் பின்னால் நிற்கும் கூட்டம் என்றால், அங்கேதான் போவான்.

அடுத்து, கையில் காசு. சனி, ஞாயிறு கேட்டரிங், பந்தல் வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்குத் தூக்கம் வராமல் இருக்க 'இதை வச்சுக்கடா' என்று நீட்டுவது கூட வேலை செய்யும் பெரியவர்கள். வீட்டில் அப்பா குடிப்பதும், பீடி வாங்கப் பிள்ளையைக் கடைக்கு அனுப்புவதும் இதோடு சேர்ந்துகொள்கின்றன. மன அழுத்தம், ஒரு இடத்தில் உட்கார முடியாத துறுதுறுப்பு, அடி வாங்கும் வீடு ஆகியவையும் அப்படித்தான். ஒன்று மட்டும் இருந்தால் பெரும்பாலான பிள்ளைகள் தாக்குப்பிடிக்கிறார்கள். மூன்று நான்கு சேரும்போதுதான் ஆபத்து. இப்படி ஆபத்தில் இருப்பவனைக் கண்டுபிடிக்கப் பையைச் சோதிப்பதைவிட வருகைப் பதிவேடு உதவும். திங்கள்கிழமை லீவு, மதியத்துக்கு மேல் காணாமல் போவது, ஒரே பருவத்தில் மதிப்பெண் சரிவது எல்லாம் அதிலும் மார்க் பதிவேட்டிலும் இருக்கின்றன.

அவனிடம் தனியாகப் பேசுங்கள். ஸ்டாஃப் ரூம் வேண்டாம். இந்த வயதில் நண்பர்களைப் பற்றி முதலில் கேட்டால் வாய் திறப்பார்கள்: 'உன்கூட இருக்கிறவங்க யாராவது வைக்கிறாங்களா?' பிறகு, 'நீ எப்ப ஆரம்பிச்ச, எந்த நேரத்துல தேவைப்படுது?' காலையில் எழுந்ததுமே தேவைப்படுகிறது என்றால் நிகோடினுக்கு அடிமையாகிவிட்டான். நிறுத்திய இரண்டாம், மூன்றாம் நாள்தான் மிகவும் கடினம். எரிச்சல், கவனமின்மை சில வாரங்கள்கூட இருக்கலாம். அந்த நாள்களில் எதிர்த்துப் பேசினால் திமிர் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆசை கிளம்பினால் சில நிமிடங்களில் அடங்கிவிடும். தண்ணீர் குடிக்க, வெளியே நடந்து வர அனுமதி கொடுங்கள்.

வகுப்புக்குப் புற்றுநோய்ப் படங்களைக் காட்டிப் பயமுறுத்தும் கூட்டம் மட்டும் போட்டுப் பயனில்லை. 'எல்லாரும் போடுறாங்க' என்ற நினைப்பை உடையுங்கள். 2019ஆம் ஆண்டு நாடு தழுவிய ஆய்வில், 13 முதல் 15 வயது மாணவர்களில் அப்போது புகையிலை பயன்படுத்தி வந்தவர்கள் 8.5 சதவீதம்தான். அதாவது நூற்றில் 91 பேர் அப்போது பயன்படுத்தவில்லை. பிள்ளைகளுக்கு இந்த எண்ணைச் சொல்லுங்கள்.

இன்னொன்று அவசரம். போதைக்காக ஒயிட்னர், பஞ்சர் சொல்யூஷன் முகர்ந்துகொண்டிருக்கும் பையனைப் பார்த்தால் கத்தாதீர்கள், துரத்தாதீர்கள். அந்த நேரத்தில் திடீரென்று பயந்தாலோ ஓடினாலோ இதயத் துடிப்பு தாறுமாறாகி நின்றே போகலாம். அமைதியாகப் பக்கத்தில் போய், காற்றோட்டமான இடத்தில் உட்கார வையுங்கள். மயங்கினால் 108.

கடையை விட்டுவிடாதீர்கள். பள்ளிச் சுற்றுச்சுவரிலிருந்து 100 கெஜத்துக்குள், அதாவது சுமார் 91 மீட்டருக்குள், எந்தப் புகையிலைப் பொருளும் விற்கக் கூடாது. புகையிலைச் சட்டத்தில் இதற்கு அபராதம் 200 ரூபாய்வரைதான். கடைக்காரர் கட்டிவிட்டு மறுநாள் விற்பார். அதனால் தலைமையாசிரியர் வழியாகக் காவல் நிலையத்துக்குக் கொடுக்கும் மனுவில் இளைஞர் நீதிச் சட்டம் 2015இன் 77ஆம் பிரிவைக் குறிப்பிடுங்கள். சிறுவருக்குப் புகையிலையோ மதுவோ போதைப்பொருளோ கொடுத்தால் ஏழு ஆண்டுவரை சிறை, ஒரு லட்சம்வரை அபராதம். கடையின் இடம், தேதி, நேரம் எழுதுங்கள். மாணவன் பெயர் வேண்டாம்.

அவன் அம்மாவை வரச்சொல்லும்போது அவனையும் கூட உட்கார வையுங்கள். மனநல ஆலோசனைக்கு 14416, புகையிலையை நிறுத்த 1800-11-2356, இரண்டும் இலவசம். எண்களை அவனுடைய நோட்டில் அவன் கையாலேயே எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்.