பதினேழாவது கேள்வி

பாப்பா,

நேத்து நீ வாட்ஸப்ல அனுப்புன மாக் டெஸ்ட் பேப்பர ராத்திரி பெரிசு பண்ணி பெரிசு பண்ணி பாத்துட்டு இருந்தேன். பதினேழாவது கேள்விக்கு பி போட்டு அழிச்சு, சி போட்டு அழிச்சு, அந்த எடத்துல பேப்பரே தேஞ்சு போயிருக்கு. கூடவே "இங்கிலீஷ் எனக்கு வராதுப்பா"ன்னு ஒரு வாய்ஸ் நோட் வேற. அத கேட்டப்புறம் எனக்கு தூக்கம் பிடிக்கல. 32 வருஷம் தமிழ் வாத்தியாரா இருந்தவன் சொல்றேன், உனக்கு வரும். அந்த கேள்வில இருக்கறது பாதி நீ வீட்ல பேசற இலக்கணம்தாம்மா. இங்கிலீஷ் வாக்கியத்தையும் தமிழ் எழுத்துலயே எழுதுறேன், வாய்விட்டு படி.

"ஹேவிங் ஃபினிஷ்ட் த ஹோம்வொர்க், த டிவி வாஸ் ஸ்விட்ச்டு ஆன்." இதுதான உன் கேள்வி? நீ தப்பே இல்லன்னு போட்டிருக்க. இத அப்படியே தமிழ்ல சொல்லிப் பாரு, "ஹோம்வொர்க்க முடிச்சுட்டு டிவி ஓடுச்சு". காது ஒத்துக்குதா? ஹோம்வொர்க் முடிச்சது யாரு, டிவியா? நம்ம இலக்கணத்துல இது செய்து வாய்பாட்டு வினையெச்சம், அதாவது முடிச்சு, பெய்துன்னு பாதில நின்னு இன்னொரு வினைய தேடற சொல். முடிச்சவங்க யாரோ அவங்களோட வினைலயே போய் முடியணும்னு தொல்காப்பியத்துலயே இருக்கு. இதுல தப்பினா இங்கிலீஷ்காரன் டாங்லிங் மாடிஃபையர்னு சொல்றான், ஆள் இல்லாம தொங்கற சொல்லுன்னு அர்த்தம். அதனால கமாவுக்கு அடுத்தாப்ல ஆள் வரணும், "ஹேவிங் ஃபினிஷ்ட் த ஹோம்வொர்க், மீனா ஸ்விட்ச்டு ஆன் த டிவி". இல்லன்னா முன்பாதிய மாத்தணும், "ஆஃப்டர் மீனா ஃபினிஷ்ட் த ஹோம்வொர்க், த டிவி வாஸ் ஸ்விட்ச்டு ஆன்". மீனா முடிச்சதுக்கப்புறம் டிவி ஓடுச்சுன்னு சொன்னா தமிழ்லயும் சரியாத்தான இருக்கு.

மழை பெய்து குளம் நெறஞ்சுதுன்னு சொல்றோமே, அங்க ரெண்டு எழுவாய் வருதேன்னு நீ கேப்ப, கேக்கணும். அங்க பெய்துங்கறதுக்கு மழைன்னு சொந்த எழுவாய் பக்கத்துலயே நிக்குது. இங்கிலீஷ்லயும் "த ரெயின் ஹேவிங் ஸ்டாப்டு, வி லெஃப்ட்"னு எழுதுனா சரிதான். ஆள் இல்லாம தொங்கறதுதான் தப்பு.

ஒன்லியும் இப்படித்தான். "நான் ரெண்டு இட்லி மட்டும் சாப்பிட்டேன்", "நான் மட்டும் ரெண்டு இட்லி சாப்பிட்டேன்", ரெண்டும் வேற வேறன்னு சின்னப் புள்ளைக்கும் தெரியும். நம்ம மட்டும் பின்னாடி ஒட்டும், அவங்க ஒன்லி முன்னாடி ஒட்டும், அதனால "ஐ ஏட் ஒன்லி டூ இட்லிஸ்". ஃப்யூவும் எ ஃப்யூவும் கூட நம்ம "தான்"ல அடங்கிடும். கொஞ்சம் பேர்தான் வந்தாங்கன்னு கொறையா சொன்னா ஃப்யூ, கொஞ்சம் பேர் வந்தாங்கன்னு சொன்னா எ ஃப்யூ.

ஆனா தமிழ் கால வாரி விடற எடமும் இருக்கு, அங்கதான் உனக்கு மார்க் போயிருக்கு. நல்ல பாட்டுன்னா குட், நல்லா பாடுனான்னா வெல், இது உனக்கு சரியா வருது. அதே பழக்கத்துல சாம்பார் நல்லா இருக்குன்னு நெனச்சு "த சாம்பார் டேஸ்ட்ஸ் வெல்"னு போட்டுட்ட. டேஸ்ட், ஸ்மெல், லுக், ஃபீல் வந்தா அந்த எடத்துல இஸ் போட்டுப் பாரு, பொருந்துச்சுன்னா அட்ஜெக்டிவ்தான் வரும். சாம்பார் இஸ் குட், அதனால டேஸ்ட்ஸ் குட். "ஷி லுக்ட் ஆங்ரிலி அட் ஹிம்"ல இஸ் பொருந்தாது, அவ பாக்கற வேலைய செய்யறா, அதனால அங்க ஆங்ரிலி சரி.

அப்புறம் இந்த "விட". என்னை விட சீனியர்ங்கறோம், ஒடனே கை "சீனியர் தேன் மி"ன்னு எழுதிடுது. சீனியர், ஜூனியர், சுபீரியர், இன்ஃபீரியர் எல்லாம் லத்தீன்லருந்து வந்த வார்த்தைங்க, "டு"தான் எடுக்கும், "சீனியர் டு மி". மோர் பெட்டர்ங்கறதையும் விட்டுடு, பெட்டர்லயே மோர் இருக்கு. ஹார்ட்லி (அரிதா), லேட்லி (சமீபமா) ரெண்டையும் பாத்தா நிதானமா இரு, ஹார்ட், லேட்டோட அர்த்தம் அதுல இல்ல. "ஹி ஒர்க்ஸ் ஹார்ட்லி"ன்னா அவன் கிட்டத்தட்ட வேலையே செய்யறதில்லன்னு ஆயிடும்.

மொதல் கட்ட தேர்வு பிரிலிம்ஸ்ல இங்கிலீஷுக்கு 30 கேள்வி, 20 நிமிஷம், தப்பானா கால் மார்க் போயிடும்னு நீதான் சொன்ன. அதுக்காக வாக்கியத்த படிக்காம ஆப்ஷன மட்டும் பாத்து ஓடாத. கமா வந்தா ஒரு செகண்ட் நின்னு, "யாரு?"ன்னு கேளு. நான் வகுப்புல பையனுங்கள கேக்க வச்சது அந்த ஒரே கேள்விதான்.

அம்மா பருப்புப்பொடி அரைச்சு வச்சிருக்கா, சனிக்கிழமை கூரியர்ல வரும். இத திருத்தி அனுப்பு: "வாக்கிங் டு த ஹாஸ்டல், த பேக் ஃபெல் டவுன்". ரெண்டு விதமா திருத்தணும். நாளைக்கு காலைல அஞ்சரைக்கு நான் முழிச்சிருப்பேன்.

அப்பா